ஒன்பதாம் வகுப்பு ‘பி’யில் ஒரு டிரெய்னிங் மிஸ்

ஜூலை 8, திங்கள்

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய நாட்குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். “இன்று பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். தலைமையாசிரியர் அன்புடன் வரவேற்றார்” என்று ஆரம்பித்து ஒரு பக்கம். பி.எட். படிப்பில் இதற்கும் மதிப்பெண் உண்டு. பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் நாட்குறிப்புகளை நம்பினால், அன்புடன் வரவேற்காத தலைமையாசிரியர் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

இது எனக்காக எழுதுவது. இதில் நடந்ததை எழுதலாம்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒதுக்கிய பள்ளி, எங்கள் ஊர் பெண்கள் பள்ளி. பாடம் வேதியியல். வகுப்பு, ஒன்பது பி. அதாவது என் மகள் நிறைமதி படிக்கும் வகுப்பு! காலால் நடந்து வந்தேனா பறந்து வந்தேனா என்று தெரியவில்லை. வழியிலேயே என் வீட்டுக்காரருடைய டூவீலர் ஒர்க் ஷாப்பில் நின்று சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மதிக்கு இரவு தோசை ஊற்றும்போது சொன்னேன்.

“ஒம்பது பி-யா? அம்மா, வெளையாடாத.”

“வெளையாடல கண்ணு. நாளையிலிருந்து உங்களுக்குக் கெமிஸ்ட்ரி நாந்தான்.”

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு சொன்னாள்: “சரி, வா. ஆனா நீ எங்கம்மான்னு எங்க கிளாஸ்ல ஒருத்திக்கும் தெரியக் கூடாது.”

“தெரிஞ்சா என்ன சாமி?” என்று இவர் கேட்டார்.

“தெரியக் கூடாதுப்பா. அவ்ளோதான்.”

ஒத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நான் ஒரு தோசையோடு எழுந்ததற்குக் காரணம், மாவு புளித்திருந்ததுதான்.

ஜூலை 9

கஞ்சி போட்ட காட்டன் சேலை. இவர் பள்ளித் தெரு முனையில் இறக்கிவிட்டார். பக்கத்தில் சைக்கிளில் போன மதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டிபன் பாக்ஸ் எடுத்தியா?” என்ற கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

வருகைப் பதிவு எடுத்தேன். “செ. நிறைமதி.”

“எஸ் மிஸ்.”

எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு பணிவு! வீட்டில் நான் நாலு முறை கூப்பிட்டால் “இரும்மா வரேன்” என்று ஒரு முறை பதில் வரும்.

நான் மதியின் அம்மா என்று யாருக்கும் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா, மார்க் ஷீட் கையெழுத்து எல்லாவற்றுக்கும் இவர்தான் வருவார். நான் சாயப்பட்டறை லேப்பில் ஷிப்டில் இருப்பேன். பத்து வருடம். எம்.எஸ்ஸி. முடித்தவுடன் டீச்சர் ஆக வேண்டும் என்றுதான் இருந்தேன், கிடைத்தது சாயத் தண்ணீர். இந்த வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருக்கிறேன். ஆக, என் மகள் படிக்கும் பள்ளிக்குள் நான் காலெடுத்து வைத்தது இன்றுதான். அதைப் பற்றி இப்போது என்ன.

ஜூலை 12

அணு அமைப்பு எடுத்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி தூங்கினாள். என் மகள் இல்லை. அது ஒரு ஆறுதல்.

ஜூலை 19, வெள்ளி

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். எந்த அம்மாவுக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. பிள்ளை வீட்டை விட்டுப் போனதும் யாராக ஆகிறாள் என்று பார்க்க முடிகிறது. நான் கட்டிக்கொடுக்கும் கத்தரிக்காய்ப் பொரியலை மதி மூன்றாவது பெஞ்ச் சாருலதாவுக்குக் கொடுத்துவிட்டு அவள் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடுகிறாள். சாருலதா பொரியலை வழித்துச் சாப்பிடுகிறாள், பாவம், நல்ல பிள்ளை. யாராவது அழுதால் மற்றவர்கள் மதியைத்தான் கூட்டி வருகிறார்கள். இவள் போய் ஏதோ செய்து காட்டுவாள், அழுதவள் சிரித்துவிடுவாள். என்ன செய்கிறாள் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

வராண்டாவில் எதிரே வந்தால் “குட் மார்னிங் மிஸ்” என்கிறாள். நானும் “குட் மார்னிங்” என்கிறேன். எங்கள் நடிப்புக்கு விருதே கொடுக்கலாம்.

ஜூலை 24

என்ன செய்கிறாள் என்று இன்று தெரிந்துவிட்டது.

மதிய இடைவேளையில் ஒன்பது பி பக்கம் போனபோது உள்ளே என் குரல் கேட்டது. நான் வெளியே இருக்கிறேன், என் குரல் உள்ளே பாடம் எடுக்கிறது! “எலக்ட்ரான் சுத்துது, சரிங்களா… உட்கருவைச் சுத்துது, சரிங்களா… அங்க என்ன சத்தம், சரிங்களா…” கதவோரம் எட்டிப் பார்த்தேன். துப்பட்டாவைச் சேலை முந்தானையாகச் செருகிக்கொண்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தாள் என் மகள். நடுநடுவே மூக்குக் கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அச்சு அசல் நான்தான். இவ்வளவு உன்னிப்பாக என்னை யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று இவர்கூட.

வருத்தம் ஒன்றும் இல்லை. இரவு ரசத்துக்குப் புளி கரைக்க மறந்துவிட்டேன், அது வேறு.

ஜூலை 25

மதி தூங்கிய பிறகு இவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். நான் “சரிங்களா” சொல்லும்போதெல்லாம் ஒரு நட்டை டப்பாவில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஐசோடோப்பை முடிப்பதற்குள் கையிலிருந்த நட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. போல்ட்டுக்கு மாறினார்.

“கோதை, நாளைக்குக் கடைக்கு எனக்குச் சாமான் வேணும். நீ சீக்கிரம் திருந்து” என்றார்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பெருக்கு

மூவரும் காவேரிக்குப் போனோம். தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. தேங்காய் பழம் வாங்கிப் படியில் இறங்கும்போது எதிரே ஒன்பது பி கூட்டம் ஒன்று, சாருலதாவோடு. மதி என்னைப் பார்த்தாள். நான் வளையல் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். கடைக்காரர் என் கையைப் பிடித்து அளவு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“உங்கம்மா வரலியாடி?” என்று சாருலதா கேட்டது காதில் விழுந்தது.

“ஊருக்குப் போயிருக்காங்க.”

நல்ல கூட்டம். நல்ல காற்று. வளையல் ஒரு டஜன் வாங்கினேன், தேவையே இல்லை.

வீட்டுக்கு வந்து வளையலைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது மதி வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டாமல் பேசினாள்.

“போன வருசம் ஒரு டிரெய்னிங் மிஸ் வந்தாங்கம்மா. நான் அவங்களாட்டம் பண்ணிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க பாத்துட்டாங்க. அழுதுட்டே போனாங்க.”

“ம்.”

“டிரெய்னிங் மிஸ்ஸுன்னா சிரிப்பாங்கம்மா. யார் வந்தாலும் சிரிப்பாங்க. உன்னயப் பாத்து எல்லாரும் சிரிக்கறப்ப, நான் யார் பக்கம் நிக்கறது?”

“அவங்க சிரிக்காத மாதிரி நான் எடுத்தாப் போச்சு” என்றேன்.

“அதெல்லாம் உன்னால முடியாது” என்று சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு கையிலும் வளையலோடு அப்படியே அசையாமல் இருந்தேன்.

ஆகஸ்ட் 21

வகுப்பைப் பார்த்தே பேசினேன். கரும்பலகைக்குத் திரும்பினால் பேச்சை நிறுத்தினேன். ஒரே ஒரு “சரிங்களா”. மூன்றாவது பெஞ்சிலிருந்து மதி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அன்று கதவோரம் நின்று நான் பார்த்ததை அவள் ஊகித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 7

அமிலமும் காரமும் வரப்போகிறது. வேலியில் பூத்த சங்குப்பூவைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் நல்ல நீலத் தண்ணீர். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா கலந்த சிவப்பு. சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை. சமையல் மேடையில் மூன்று டம்ளரில் வைத்துவிட்டு மதியைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சிவப்பு டம்ளர் காலி.

“ஜூஸுக்குச் சர்க்கரை பத்தல” என்றார் இவர்.

பச்சை டம்ளரை எடுக்கவில்லை. ஆண்டவன் காப்பாற்றினான்.

அக்டோபர் 15

என் பி.எட். செய்முறைத் தேர்வு 24ஆம் தேதி. வெளியூர்க் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருகிறார். வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பார். இதில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. மதியின் கண்ணெதிரே தோற்க வேண்டுமே.

என்னோடு கணக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் நஸ்ரின் இருபத்திரண்டு வயதுப் பெண். எதற்கும் அசைய மாட்டாள்.

“இதுக்கா அக்கா பயப்படறீங்க? பாடக் குறிப்புல கேள்வியும் நாமதான் எழுதறோம், ‘எதிர்பார்க்கப்படும் பதில்’னு பதிலையும் நாமதான் எழுதறோம். அத புள்ளைங்ககிட்ட முன்னாடியே குடுத்துருங்க. முதல் கேள்வி இவளுக்கு, ரெண்டாவது அவளுக்கு. வரிசையா எந்திரிச்சு டாண் டாண்ணு சொல்வாங்க. ஆளுக்கொரு சாக்லேட். எல்லாரும் செய்யறதுதான்.”

யோசிக்கிறேன் என்றேன். சாக்லேட் விலை மட்டும் விசாரித்து வைத்தேன்.

அக்டோபர் 22

ஒத்திகை பார்த்துவிட்டோம். ஐந்து கேள்வி, ஐந்து பெண்கள். அபாரமாகச் சொன்னார்கள். மதிக்குக் கேள்வி கொடுக்கவில்லை, அவளைப் பார்த்தால் எனக்கு நாக்கு குழறும்.

வீட்டில் மதி பிடித்துக்கொண்டாள். “அது எதுக்கும்மா? நீ நல்லாத்தான எடுக்கற.”

“என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்ல.”

“இல்ல, இன்னொருக்கா சொல்லு.”

“போம்மா.”

ஒத்திகையை விட்டுவிடலாமா என்று அரை மனதாக இருக்கிறது. ஆனால் பயம் முழு மனதாக இருக்கிறது. சாக்லேட்டும் வாங்கியாகிவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றையும் விடாமல்.

தேர்வாளர் பெயர் திருமலைச்சாமி. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு மாத்திரை அட்டை. கடைசி பெஞ்சில் எங்கள் வழிகாட்டி ஆசிரியர் எஸ்தர் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பது பி முழுவதும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

முதல் கேள்வி கேட்டேன். “எலுமிச்சைச் சாறு என்ன சுவை?”

முதல் பெண் எழுந்தாள். “புளிப்பு மிஸ்!”

அந்த நேரம் பார்த்து அவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரைத் தொட்டால் எப்படி இருக்கும் என்ற இரண்டாவது கேள்வி என் மண்டையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. நேராக மூன்றாவதுக்குத் தாவினேன்.

“நீல லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்தால் என்ன ஆகும்?”

வரிசைப்படி இரண்டாவது பெண் எழுந்தாள். கம்பீரமாகச் சொன்னாள்: “வழவழன்னு இருக்கும் மிஸ்!”

எனக்கு இன்னும் புரியவில்லை. பயத்தில் காது அடைத்துவிட்டது. “மிக நன்று” என்று வேறு சொல்லித் தொலைத்தேன். “நம் வயிற்றில் சுரக்கும் அமிலம் எது?”

“சிவப்பாகும் மிஸ்!”

“எறும்பு கடிக்கும்போது நம் தோலுக்குள் போகும் அமிலம்?”

“ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிஸ்!”

ஐந்தாவது பெண் பார்மிக் அமிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்காகக் காத்திருந்தாள். என்னிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஸ்தர் மிஸ் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமலைச்சாமி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, எல்லாம் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாங்க சார்” என்றேன். எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பெஞ்ச் பெஞ்சாகப் பரவப் போகிறது என்று தெரிந்தது. மூன்றாவது பெஞ்சைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன். பார்த்தேன்.

மதி கையைத் தூக்கியிருந்தாள். அவளுக்கு நான் கேள்வியும் கொடுக்கவில்லை, பதிலும் கொடுக்கவில்லை.

“மிஸ், ஒரு டவுட்டு. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேத்துத்தான் சோப்பு செய்யறாங்கன்னு சொன்னீங்க. காஸ்டிக் சோடா தோலையே வேக வெச்சிரும்னும் சொன்னீங்க. அப்பறம் எப்பிடி தெனமும் சோப்புப் போட்டு மூஞ்சி கழுவறோம்? வேகலயே?”

கேலியா நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலில் நடிப்பே இல்லை.

பாடக் குறிப்பை மேசையில் கவிழ்த்து வைத்தேன். எண்ணெயோடு கலந்து சோப்பாக மாறியதும் காஸ்டிக்கின் மூர்க்கம் எப்படி அடங்குகிறது, சோப்பு லேசான காரமாக எப்படி மிஞ்சுகிறது என்று சொன்னேன். “அடங்காத காஸ்டிக் என்ன செய்யும்னா…” என்று சொல்லி வலது முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பைக் காட்டினேன். சாயப்பட்டறை லேப்பில் டப்பா கவிழ்ந்து தெறித்தது. மதி அந்தத் தழும்பைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாள். அடுப்பில் சுட்டது என்று சொல்லி வைத்திருந்தேன், நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் பயப்படக் கூடாது என்று. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், உட்காரவே இல்லை.

சாருலதா எழுந்தாள். “உடனே அது மேல அமிலத்த ஊத்தியிருந்தா சரியாயிருக்கும்ல மிஸ்? ரெண்டும் சேந்தா உப்பும் தண்ணியும்தான?”

எவ்வளவு நல்ல கேள்வி! அமிலமும் காரமும் சேரும்போது சூடு கிளம்பும், காயம் மேலும் வெந்துபோகும், அதனால் தண்ணீர், நிறையத் தண்ணீர், தண்ணீர் மட்டும்தான் என்றேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை, அவர்களாலும். இட்லி மாவு ஏன் பொங்குகிறது, புளி போட்டால் பித்தளை ஏன் பளபளக்கிறது, பேஸ்ட்டில் என்ன இருக்கிறது. தூங்குகிற கடைசி பெஞ்ச்காரிகூட, சோடா குடித்தால் ஏன் ஏப்பம் வருகிறது என்று கேட்டாள். சங்குப்பூத் தண்ணீரை எடுத்து எலுமிச்சை பிழிந்து காட்டினேன். “ஓ…” என்று ஒரு சத்தம்.

கடைசி பெஞ்சிலிருந்து திருமலைச்சாமி சார் எழுந்து வந்தார். தீர்ந்தோம் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்.

“இது எனக்கு நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் குடுத்தது. இத அந்தச் சிவப்புத் தண்ணில போட்டா என்ன ஆகும்? சொல்லிக் குடுக்காம சொல்லுங்க பாப்போம்.”

ஆளுக்கொரு பதில் கத்தினார்கள். மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினேன். சிவப்பு மெல்ல மெல்ல ஊதாவாகி நீலத்துக்கு வந்தது. அதிகமாகக் கை தட்டியது அவர்தான்.

வெளியே போகும்போது என்னிடம் சொன்னார்: “முதல் பத்து நிமிசத்துக்கு மார்க் குறைப்பேன். மீதிக்குக் குறைக்க மனசு வரல. அந்த ஒத்திகை எல்லாம் இனி வேண்டாம்மா, உங்களுக்குத் தேவையில்ல.”

அவர் தலை மறைந்ததும் ஒன்பது பி என்னைச் சுற்றிக்கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “சாரி மிஸ், மாத்திச் சொல்லிட்டேன்.” “பார்மிக் அமிலம் என்னுது மிஸ், நீங்க கேக்கவே இல்ல.” வாசலில் காத்திருந்த நஸ்ரின் உள்ளே வந்து சாக்லேட் டப்பாவைத் திறந்துவிட்டாள். நெரிசலில் சாருலதா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அந்த நீலத் தண்ணி எனக்குக் கொஞ்சம்… ஐயோ, மிஸ்! சாரி மிஸ்!”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சாருலதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஏய், கைய எடுடி” என்று ஒரு குரல் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதி வந்து என் பக்கத்தில் நின்றாள். காது மடல் சிவந்திருந்தது. “அது எங்கம்மா.”

எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள், அவள் மூக்கைப் பார்த்தார்கள்.

“நெசமாவாடி?” என்றாள் சாருலதா. “அப்ப… உங்கம்மாவையேவா நீ பண்ணிக் காட்டுனே?”

மதி என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. “நல்லாத்தான் பண்ணா. நான் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தேன். கண்ணாடி தள்றது மட்டும் கொஞ்சம் ஓவர், சரிங்களா” என்றேன்.

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அதில் என் மகளின் சிரிப்புதான் பெரிது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண்ணீர் வந்தது. எழுதினால் என்ன, வந்தது. இந்தப் பள்ளிக்குள் பத்து வருடம் வராமல் போனதற்கெல்லாம் சேர்த்து வந்தது, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

சாரை வழியனுப்பிவிட்டு எஸ்தர் மிஸ் வாசலில் வந்து நின்றார். “என்ன சத்தம் இங்க? யார் இது, கிளாஸ்ல மிஸ்ஸைக் கட்டிப் புடிச்சிட்டு?”

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்:

“அது நிறைமதியோட அம்மா மிஸ்!”

இதற்கு மட்டும் நாங்கள் ஒத்திகையே பார்க்கவில்லை.